வினா எழுப்பிய தளபதி

போரில் வெற்றி கிட்டினால் புகழைப் பங்கிட்டுக்கொள்ளப் பலர் முன்வருவர். தோல்வி நேர்ந்தாலோ பழியைச் சுமக்க ஒருவரைத் தேடுவர். வரவிருக்கும் தீங்கை முன்னரே எடுத்துரைத்தவர்மீதே அப்பழி வந்து விழுவதும் உண்டு. போலந்து நாட்டுப் பாரசூட் படைத் தலைவர் ஸ்டானிஸ்லாவ் சோசபோவ்ஸ்கியின் வரலாறு இதனை நமக்குக் காட்டுகின்றது.

அவர் 1892-ஆம் ஆண்டு ஸ்டானிஸ்லாவூவ் என்னும் நகரில் பிறந்தார். இன்று உக்ரேன் நாட்டில் உள்ள அந்நகர், அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. போலந்து என்றொரு தனிநாடு அன்று உலகப் படத்திலேயே இல்லை. முதல் உலகப் போரில் அவர் அப்பேரரசின் படையில் பணியாற்றிக் காயமுற்றார். 1918-இல் போலந்து விடுதலை பெற்றதும் தம் தாய்நாட்டுப் படையிற் சேர்ந்தார். 1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்தபோது, வார்சா நகரைக் காத்த காலாட்படைப் பிரிவுகளுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். நகர் வீழ்ந்தது, அவர் சிறைப்பட்டார். ஆயினும் தப்பிச் சென்று, ஹங்கேரி, ருமேனியா வழியாகப் பிரான்சை அடைந்தார். 1940-இல் பிரான்சும் வீழ்ந்தபின் பிரிட்டனுக்குச் சென்றார்.

ஸ்காட்லாந்தில் 1941-ஆம் ஆண்டு போலந்தின் முதலாம் தனிப் பாரசூட் படையணி அவர் தலைமையில் உருவாயிற்று. ஏறத்தாழ ஐம்பது வயதில் அவரும் தம் வீரர்களோடு பாரசூட்டில் குதிக்கப் பழகினார். படையணி கொண்ட குறிக்கோள் ஒன்றே: வார்சா மக்கள் பகைவரை எதிர்த்து எழும் நாளில், வான்வழியே சென்று அவர்களுக்குத் துணைநிற்றல் வேண்டும். இதனாலேயே ‘மிகக் குறுகிய வழியில்’ என்பதைத் தம் விருதுமொழியாகக் கொண்டனர்.

1944 ஆகஸ்டு முதல் நாள் வார்சா கிளர்ந்தெழுந்தது. ஆனால் அதற்குச் சிறிது முன்னரே படையணி பிரிட்டிஷ் தலைமையின்கீழ் வைக்கப்பட்டுவிட்டது. வார்சா எரிந்துகொண்டிருக்க, அதனை மீட்கவென்றே பயின்ற வீரர்கள் இங்கிலாந்திற் காத்துக்கிடந்தனர். அக்கிளர்ச்சியில் போரிட்ட சோசபோவ்ஸ்கியின் மகன் தம் கண்பார்வையை இழந்தார்.

படையணிக்கு விதிக்கப்பட்ட களம் நெதர்லாந்து நாட்டில் இருந்தது. தளபதி மான்ட்கோமரி வகுத்த திட்டத்தின்படி, பாரசூட் படைகள் பல பாலங்களைக் கைப்பற்ற வேண்டும்; தரைப்படை அப்பாலங்கள் வழியே விரைந்து முன்னேற வேண்டும். அவற்றுள் கடைசிப் பாலம் ரைன் நதிமீது ஆர்ன்ஹெம் நகரில் இருந்தது. பாரசூட் வீரனிடம் பெரும் பீரங்கியில்லை, டாங்கியில்லை. சுமந்து செல்லும் தோட்டாக்கள் தீருமுன் தரைப்படை வந்து சேராவிடில் அவன் நிலை இரங்கத்தக்கதாகும். இதனை நன்கறிந்த சோசபோவ்ஸ்கி, இத்தகைய திட்டங்கள் ஆராயப்பட்டபோதே எதிரியின் வலிமை கணக்கில் கொள்ளப்படவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். மேலோர் சிலர் அதனை விரும்பவில்லை.

செப்டம்பர் 17-ஆம் நாள் போர் தொடங்கிற்று. ஆர்ன்ஹெமுக்கு அருகில் இரண்டு ஜெர்மானியக் கவசப் படைப் பிரிவுகள் இருந்தன. பிரிட்டிஷ் வீரர்களோ பாலத்திற்குப் பல மைல் தொலைவில் இறக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு சிறு தொகுதியே பாலத்தின் வடமுனையை எட்டியது. மூடுபனி காரணமாகப் போலந்துப் படை இரண்டு நாள் தாமதமாக, 21-ஆம் நாளே இறங்க முடிந்தது. சில விமானங்கள் திரும்பிவிட்டமையால் ஏறத்தாழ 1,000 பேரே நதியின் தென்கரையில் டிரீல் என்னும் சிற்றூரருகே குதித்தனர். ஆற்றைக் கடக்க உதவும் என்று நம்பிய படகுத்துறையில் படகு இல்லை. இரண்டு இரவுகளில், பகைவரின் குண்டுமழைக்கிடையே, சிறு படகுகளில் ஏறக்குறைய 200 பேர் மட்டுமே கடந்தனர்.

24-ஆம் நாள் வால்பர்க் என்னும் ஊரில் தளபதிகள் கூடினர். சிறு தொகுதிகளை அனுப்புவதாற் பயனில்லை, பெரும்படையாக வேறிடத்தில் கடத்தல் வேண்டும் என்று சோசபோவ்ஸ்கி வாதிட்டார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. அன்றிரவு கடந்த பிரிட்டிஷ் படைப் பகுதியினருள் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். மறுநாள் இரவு வடகரையில் எஞ்சியோர் பின்வாங்கினர். அங்குச் சென்ற ஏறத்தாழ 10,000 வீரருள் நான்கில் ஒரு பங்கினரே மீண்டனர்.

பின்னர் மான்ட்கோமரி, போலந்து வீரர்கள் ஊக்கமின்றிப் போரிட்டனர் என்று கடிதம் எழுதினார். தளபதி பிரௌனிங், சோசபோவ்ஸ்கி ஒத்துழைக்க அருமையானவர் என்று குறைகூறி அவரை நீக்குமாறு வேண்டினார். 1944 டிசம்பரில் அவர் தம் படையணியினின்றும் விலக்கப்பட்டார். அவர் கடுமையாகப் பேசுபவர் என்பது மெய்யே. ஆனால் கடுஞ்சொல் வேறு; தோல்விக்குக் காரணமாதல் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதே அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி.

போருக்குப்பின் பொதுவுடைமை ஆட்சிக்குட்பட்ட போலந்துக்கு அவர் திரும்பவில்லை. லண்டனில் ஒரு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகப் பல்லாண்டு உழைத்தார். ஆர்ன்ஹெமிலிருந்து படைகள் பின்வாங்கிய அதே செப்டம்பர் 25-ஆம் நாளில், 23 ஆண்டுகள் கழித்து, 1967-இல் காலமானார்.

2006-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசு அவருக்கு வெண்கலச் சிங்க விருதையும், அவர் படையணிக்குத் தன் மிக உயர்ந்த வீர விருதையும் வழங்கிற்று. அவ்வாண்டே டிரீலில் அவருக்கு நினைவுச் சின்னமும் எழுந்தது. அதனை எழுப்ப முயன்றவர்கள் ஆர்ன்ஹெமில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள்.

இடித்துரைக்கும் துணையைப் போற்றுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த அரசியல் நெறி. அரசர்க்கு மட்டுமன்றிப் படைத்தலைவர்க்கும் அது பொருந்தும். வரலாறு பயிலும் மாணவர்கள், மேலிடத்துக் கடிதங்களை மட்டும் நம்பாது, களத்தில் நிகழ்ந்தவற்றோடு அவற்றை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கியவர்களால்தான், அறுபது ஆண்டுகள் கழிந்தேனும், அவர்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கிற்று.