மானிப்பாயில் ஒரு மருத்துவர்

கிராம மருத்துவ ஊழியத்திற்குப் புறப்படும் நீங்கள் சாமுவேல் கிறீனை அறிந்திருத்தல் நலம். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மறுவருடம் மானிப்பாயில் ஊழியத்தைத் தொடங்கினார். உள்ளூர் வாலிபருக்கு முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றார்கள். கிராமத்து நோயாளிக்கு அக்கல்வி எட்டவில்லை.

ஆகவே தமிழிலேயே போதிக்கத் துணிந்தார். தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் எண்ணம். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளின் பெரும் நூல்களை மாணாக்கரின் துணையோடு தமிழாக்கினார். கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் ஈடு தேடிய அந்நியரின் பொறுமையைச் சற்று எண்ணிப்பாருங்கள்! மருந்துப் பெட்டியைச் சுமப்பது அதனினும் எளிது.

1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மரித்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அமெரிக்காவில் உள்ள அக்கல்லில் அவ்வாறே பொறிக்கப்பட்டது.