பூஞ்சேரிப் பாறையும் வள்ளியம்மாள் பாட்டும்

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டம் என்று வழங்கும் இடத்துப் பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என அவை நீள்கின்றன. சிற்பப் பணியாளரின் பெயர்கள் இவை என்பர் அறிஞர். மன்னனின் விருதுப் பெயர்களைத் தருமராச இரதத்திலேயே படிக்கலாம். உளி பிடித்தவனின் பெயரைப் படிக்க ஊரைத் தாண்டி இந்தப் பாறைக்கு வரவேண்டும்.

அதே பூஞ்சேரியில்தான் 2022ஆம் ஆண்டு 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. நம் செங்கற்பட்டு மாவட்டம் அதுவரை காணாத கூட்டம் அது. அதன் தொடக்க விழா ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நிகழ்ந்தபோது, உலகெங்கும் பரவியிருந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலைப் பாடகி தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் பாடினர். பாடலை எழுதியவரும் அதில் பாடியவருமான அறிவு அங்கில்லை. சில நாட்களில் அவர் தம் மனக்குறையை வெளியிட்டார். அந்தப் பாடலின் கதையைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவர். அவர் சொல்லக் கேட்ட கதைகளே பாடலின் வேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக நம் மக்கள் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் காடழித்து மலையைத் தோட்டமாக்கினர். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. மனிதரை இப்படி மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிய ஏடுகளைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு அடுத்த வேலை எங்கே என்பதும் தெரியாது.

2021 மார்ச் 7ஆம் நாள் வெளியான இப்பாடலை இளையோர் கொண்டாட்டப் பாட்டாகவே கேட்டனர். சற்றுச் செவிசாய்த்தால் அதனுள் ஒப்பாரி ஒலிப்பது புரியும். நம் ஊர்ச் சாவு வீடுகளில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிய குரல் அது. அக்குரலையும் பறையின் அதிர்வையும் கோவில் வாசலிலேயே நிறுத்திவைத்த காலம் நம் திருச்சபைக்கும் உண்டு. 1963ஆம் ஆண்டின் வத்திக்கான் சங்கத் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கச் சொன்ன பிறகும் பல பங்குகளில் தயக்கம் தீர நெடுநாள் ஆயிற்று. இதை எழுதும்போது என் வகுப்பாரையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாடல் புகழ்பெற்றதும் சிக்கலும் வளர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதைச் சுட்டிக் கேட்டார். மறு ஆண்டு சதுரங்க விழா. இது தன் உழைப்பு என்றார் அறிவு. மூவரும் சேர்ந்தே உருவாக்கினோம், அறிவின் பங்கை ஒருபோதும் மறைக்கவில்லை என்று தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் விளக்கினர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் 2024 மார்ச்சில் வேறொரு செய்தி வந்தது. பாடலை வெளியிட்ட மாஜ்ஜா நிறுவனத்திடமிருந்து தங்கள் மூவருக்குமே வருவாய் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். நிறுவனத்தோடு இணைந்திருந்த ஏ.ஆர். ரகுமானும் பாதிக்கப்பட்டவரே என்றார். நிறுவனம் அதை மறுத்தது. யார் பெயர் முன்னே, யார் பெயர் பின்னே என்று உழைத்தவர்கள் மனம் நொந்திருந்த நாட்களில், பணப் பேரேடு வேறொருவர் மேசையில் இருந்திருக்கிறது.

ஒலிப்பதிவின் உரிமை வேறு, சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமை வேறு என்பதைப் பாடுவோர் பலர் அறிவதில்லை. முன்னது பெரும்பாலும் பணம் போட்டவர் கைக்குப் போய்விடும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமத்தொகையை அறவே விட்டுக்கொடுத்துவிடாதபடி 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் காவல் செய்தது. சட்டம் காவல் நிற்கலாம். கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு வசதியும் துணிவும் வேண்டுமே!

அமெரிக்காவிலும் இத்தகைய வழக்கு ஒன்று நிகழ்ந்தது. டிரென்ட் ரெஸ்னர் என்பவர் ‘நைன் இஞ்ச் நெயில்ஸ்’ என்ற பெயரில் 1989இல் டிவிடி என்ற நிறுவனத்தின் வழியே முதல் இசைத்தட்டை வெளியிட்டார். ஆலை இயந்திரங்களின் இரைச்சலை இசையாக்கும் ‘இன்டஸ்ட்ரியல் ராக்’ வகை அது. தட்டு நன்கு விற்றது. ஆனால் தம் இசையில் நிறுவனம் தலையிடுவதைப் பொறாத ரெஸ்னர், விடுவிக்கும்படி கேட்டார்; விடவில்லை. உடனே அவர் நிறுவனத்துக்குத் தெரியாமல், வேற்றுப் பெயர்களில் கூடங்களை அமர்த்தி மறைவாகப் பாடல்களைப் பதிவு செய்தார். இறுதியில் இன்டர்ஸ்கோப் என்ற நிறுவனம் இடைபுகுந்து உடன்பாடு கண்டது. 1992 செப்டம்பரில் ‘புரோக்கன்’ என அத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள ஒரு பாடலுக்கு ‘அடிமைத்தனத்தில் மகிழ்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பு. இளைஞர் ஒருவர் கேட்கக் கொடுத்தார். முழுதும் கேட்க என்னால் இயலவில்லை. சொற்களும் காட்சிகளும் கொடியவை, நம் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எனினும் அந்த இரைச்சலில் இருப்பது பொய்க் கோபமன்று. அறுவடை செய்தோருக்குப் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்னும் பொருளில் யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியதை எண்ணிக்கொண்டேன்.

ரெஸ்னரின் சினம் நேரே முதலாளியை நோக்கிற்று. நம் ஊர்க் கதையிலோ முதற்காயம் கூடிப் பாடியவர்களுக்கு இடையிலேயே விழுந்தது. அதுவே எனக்கு அதிகம் வலிக்கிறது. கூலிப் பிரச்சினை வரும் இடங்களிலெல்லாம் ஒரே வரப்பில் நின்றவர்கள் இரு கட்சியாகப் பிரிவதைப் பங்குகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாகிய செருமானிய நாட்டு ஹானோவர் நகரத்துப் பணியாளர் இது யார் பாட்டு என்று அறிவதற்கான ஏற்பாடு அது. எந்த நோக்கத்தில் செய்திருந்தாலும், நூறாண்டு கடந்தும் பெயர் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2024இல் அறிவு தம் சொந்தப் பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.