வட்டம் அறுபடாமல் இருக்க: அமெரிக்கக் கன்ட்ரி இசைக்குழு ஒன்றின் அரை நூற்றாண்டுக் கதை

'கன்ட்ரி மியூசிக்' என்றால் தேசிய இசை என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மருந்து என்கிறோமே, அந்த 'நாடு'தான் இது. பட்டணத்துக்கு எதிர்ப்பதமான நாடு. அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டிய கிராமங்களில், சோளக்கொல்லைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போய் வந்த ஜனங்கள் திண்ணையில் உட்கார்ந்து பாடிய பாட்டுதான் இதன் வேர்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்த இசையின் பிறப்பில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இது முழுக்க முழுக்கப் புலம் பெயர்ந்தவர்களின் சொத்து. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தங்கள் கதைப்பாடல்களையும் ஃபிடிலையும் கொண்டு வந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் வயலினைப் 'பிடில்' என்று சொல்வார்களே, அதே வார்த்தை, அதே வாத்தியம். பாலுசுவாமி தீட்சிதர் வழியாகக் கர்நாடக இசைக்குள் வந்த அந்த வாத்தியம், அங்கே மலைக்கிராமத்து நடனத்துக்கு ஜோடியானது. இன்னொரு முக்கிய வாத்தியமான பாஞ்சோ, அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கொடை. இந்த உண்மையைப் பிறகு ஒருமுறை நினைவுபடுத்துவேன்.

நான் இசை ஆராய்ச்சியாளன் அல்லன். உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கொடுத்த குறுந்தகடு வழியாக இந்த இசைக்குள் நுழைந்து, வருஷக்கணக்காகக் கேட்டு வருபவன். அப்படிக் கேட்டதில் என் மனதில் தங்கிவிட்ட ஒரு குழுவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் 'நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்'. இனி 'டர்ட் பேண்ட்' என்றே சொல்கிறேன்.

கார்ட்டர் குடும்பம்

குழுவின் கதைக்கு முன், அவர்கள் தேடிப் போன பாட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1927 ஜூலையில் ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். வர்ஜீனியா மலையடிவாரத்திலிருந்து ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல் ஆகிய மூவரும் பாட வந்தார்கள். மேபெலுக்கு அப்போது வயது 18. கட்டை விரலால் கிட்டாரின் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்து, மற்ற விரலால் மெல்லிய தந்திகளில் தாளம் போடும் அவருடைய பாணி 'கார்ட்டர் ஸ்கிராட்ச்' என்று பெயர் பெற்றது. அதுவரை பின்பாட்டுக்காரனாக இருந்த கிட்டார், அதன் பிறகு முன்னால் வந்து உட்கார்ந்தது.

ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர். பல பயணங்களில் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞரும் உடன் போனார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை மனதில் பிடித்துக்கொள்வாராம். இப்படிச் சேர்ந்தவற்றில் ஒன்று, 1907இல் ஏடா ஹேபர்ஷான் எழுதி சார்ல்ஸ் கேப்ரியல் இசையமைத்த ஒரு தேவாலயப் பாடல். பிரிந்துபோன சொந்தங்கள் சொர்க்கத்தில் மறுபடி ஒன்றுகூடுவார்களா, குடும்ப வட்டம் அறுபடாமல் இருக்குமா என்று கேட்பது அது. அதை ஏ.பி. மாற்றிக் கட்டினார். பல்லவியின் கேள்வி அப்படியே இருக்க, சரணங்களில் தாயின் சவ ஊர்தி போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும் பிள்ளையின் துக்கம் வந்து உட்கார்ந்தது. ஏறக்குறைய ஒப்பாரிதான். 1935இல் கார்ட்டர் குடும்பம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது.

கலிபோர்னியாப் பசங்கள்

இப்போது நம் குழுவுக்கு வருவோம். 1966இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் மெக்கேப்ஸ் என்ற கிட்டார் கடையில் சும்மா கூடிப் பாடிக்கொண்டிருந்த இளைஞர்கள்தான் டர்ட் பேண்ட். ஜெஃப் ஹன்னா, ஜிம்மி ஃபாடன், லெஸ் தாம்ப்சன் முதலியோர். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஜாக்சன் பிரவுன்கூடச் சில மாதம் இதில் இருந்தார். அவர் விலகிய இடத்தில் பாஞ்சோ வாசிக்கும் ஜான் மெக்யூவன் வந்தார். துணி அலசும் தொட்டி, துவைக்கும் பலகை எல்லாவற்றையும் வாத்தியமாக வைத்து வேடிக்கையாகப் பாடும் குழுவாகத்தான் ஆரம்பித்தார்கள். 1967இல் முதல் தட்டு. 1968-69 வாக்கில் குழு ஏறக்குறையக் கலைந்தே போனது. பிறகு ஜிம்மி இப்பட்சன் சேர, மறுபடி எழுந்து, 1970இல் 'அங்கிள் சார்லி' தட்டைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்த 'மிஸ்டர் போஜாங்கிள்ஸ்' 1971இல் தேசிய விற்பனைப் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்தது.

வேறு யாராக இருந்தாலும் அதே மாதிரி இன்னும் நாலு பாட்டுப் போட்டுக் காசு பார்த்திருப்பார்கள். இவர்கள் செய்தது வேறு. மூன்று விரல் பாஞ்சோ வாசிப்புக்கு இலக்கணமாக விளங்கிய எர்ல் ஸ்க்ரக்ஸ், தம் பிள்ளைகளோடு இவர்கள் கச்சேரிக்கு வந்திருந்தார். அந்த அறிமுகத்தை வைத்து 1971இல் ஜான் மெக்யூவன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: எங்களோடு ஒரு தட்டில் வாசிப்பீர்களா? அவர் சரி என்றார். அடுத்துக் கண்பார்வையற்ற கிட்டார் மேதை டாக் வாட்சனைக் கேட்டார்கள். அவரும் சரி என்றார். பிறகு மெர்ல் டிராவிஸ், ஜிம்மி மார்ட்டின், ராய் அகஃப், 62 வயது மேபெல் கார்ட்டர் என்று வட்டம் விரிந்தது. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ மட்டும் மறுத்துவிட்டார்.

1971 ஆகஸ்ட், நாஷ்வில்

அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வியட்நாம் போர் வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிவிட்டிருந்த நேரம். நீண்ட முடி வைத்திருந்தால் ஒரு கட்சி, ஒட்ட வெட்டியிருந்தால் எதிர்க்கட்சி. ராய் அகஃப் 1948இலேயே டென்னசி கவர்னர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற பழமைவாதி. இந்தத் தாடிக்காரர்களைப் பார்த்து, இவர்கள் பையன்களா கிழவர்களா என்றே புரியவில்லை என்று சொன்னவர். ஆனால், பதிவாகியிருந்ததைப் போட்டுக் காட்டியபோது அவர் சந்தேகம் தீர்ந்தது. இது நம்ம பாட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டு பாட உட்கார்ந்தார்.

நாஷ்வில்லின் உட்லண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஆறு நாளில் வேலை முடிந்தது. பிற்பாடு வெட்டி ஒட்டுவது இல்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பாட, இரண்டு தடத்தில் நேரடிப் பதிவு. முதல் தடவையே சரியாகப் பாடிவிடு, திரும்பத் திரும்பப் பாடினால் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போகும் என்பது அகஃபின் கொள்கை.

தயாரிப்பாளர் பில் மெக்யூவன், ஜானின் அண்ணன். அவர் செய்த ஒரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பாட்டுக்கு நடுவே பெரியவர்கள் பேசிக்கொண்டதையும் நாடா ஓடவிட்டுப் பதிந்தார். டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் முதன்முதலாகச் சந்தித்தது அந்தக் கூடத்தில்தான். டிராவிஸ் மேல் உள்ள பிரியத்தால் தம் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தவர் வாட்சன். தன் மானசீக குருவின் கையை ஒரு கலைஞன் முதல் தடவை பற்றும் அந்தப் பேச்சு, பாட்டுக்கு நிகராகத் தட்டில் இடம்பெற்றிருக்கிறது. கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

கடைசியில் மேபெல் பாட்டி தொடங்க, எல்லாரும் சேர்ந்து பாடியது அந்த வட்டப் பாட்டு. அதுவே தட்டின் பெயரும் ஆனது: 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்'. மூன்று தட்டுகள் அடங்கிய தொகுப்பாக 1972இல் வெளிவந்தது. கல்லூரிப் பிள்ளைகள் அதை வாங்கினார்கள். தங்கள் தாத்தா காலத்து இசை என்று ஒதுக்கியவர்கள் அதையே தேடிக் கேட்டார்கள். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது.

பிறகு வந்த ஆண்டுகள்

1977இல் சோவியத் யூனியனுக்குப் போய் 28 கச்சேரிகள் நடத்தினார்கள். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க இளைஞர் குழு ஒன்றுக்கு அது அபூர்வ வாய்ப்பு. நடுவில் சில வருஷம் பெயரைச் சுருக்கிக்கொண்டு ராக் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு பழைய பெயரோடு கன்ட்ரிக்கே திரும்பி, 1984இல் 'லாங் ஹார்ட் ரோட்' பாட்டால் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்றார்கள். 1987இல் வந்த 'ஃபிஷிங் இன் த டார்க்' இன்னொரு முதலிடம்.

1989இல் வட்டத் தொகுப்பின் இரண்டாம் பாகம் வந்து, கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டுச் சிறந்த தொகுப்பு விருதைப் பெற்றது. 2002இல் மூன்றாம் பாகம். மேபெல் 1978இலும், டிராவிஸ் 1983இலும், அகஃப் 1992இலும் காலமாகியிருந்தார்கள். ஆனால் மூன்றாம் பாகத்தில் மேபெலின் மகள் ஜூன் பாடினார்; ஜெஃப் ஹன்னாவின் மகன் ஜெய்மியும் ஜான் மெக்யூவனின் மகன் ஜொனாதனும் சேர்ந்து பாடினார்கள். ஜெய்மி 2018இல் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். 2024இல் குழு தன் விடைபெறும் கச்சேரிப் பயணத்தைத் தொடங்கியபோது, அப்பாவும் பிள்ளையும் ஒரே மேடையில் நின்றார்கள்.

வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

புகழ்ந்தே முடித்துவிட்டால் சரித்திரம் ஆகாது. முதல் தொகுப்பில் அழைக்கப்பட்ட மூத்த பாடகர்களில் பெண் என்று மேபெல் ஒருவர்தான். கறுப்பினக் கலைஞர் ஒருவர்கூட இல்லை. பாஞ்சோ யாருடையது, ஏ.பி. கார்ட்டரோடு மெட்டைச் சுமந்து நடந்தவர் யார் என்று மேலே பார்த்தோம். அந்த வட்டம் அறுபடாமல் இருந்ததா என்று கேட்டால், ஒரு பக்கம் தொடக்கத்திலேயே அறுபட்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் பாகத்தில் தாஜ் மகால் என்ற பெயரில் பாடும் கறுப்பினக் கலைஞரை அழைத்தது தாமதமாக வந்த திருத்தம். மரபைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்புகிறவர்கள், யாரைக் கூப்பிட மறந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதில் நான் கண்ட பாடம்.

இருந்தாலும் அந்தப் பசங்கள் செய்தது சின்ன விஷயமில்லை. பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்த கையோடு, பெரியவர்கள் முன் தரையில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். சில பாட்டுகளில் இவர்கள் குரலே கேட்காது, பக்கவாத்தியம் மட்டும்தான். அழைக்கப்பட்டவர்களில் பாஸ் வாசித்த ஜூனியர் ஹஸ்கி, பதிவு முடிந்த அடுத்த மாதமே காலமானார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தால் அவர் வாசிப்பு இதில் இருந்திருக்காது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் தாலாட்டும் நலங்குப் பாட்டும் கும்மியும் தெரிந்த பாட்டிமார் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் பேசுவது இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருக்கலாம். அர்த்தம் முழுக்கப் புரிய வேண்டும் என்றும் இல்லை. இந்த விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாட்டி நடுவில் நிறுத்தி, "இது எங்க அத்தை பாடினது, அவ குரல் வேற" என்று ஏதாவது சொல்வாள். அந்த இடத்தில் பதிவை நிறுத்த வேண்டாம்.