சும்மா போய் வருதல்

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெயில் தாழ்ந்த நேரம், அருப்புக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பரளச்சியில் இறங்கினோம். நானும் என் மாணவிகள் நால்வரும். என் தோளில் ஒரு கேமரா, அவர்கள் கையில் செல்பேசிகள். கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயதான பெண்மணி ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"என்ன தாயி, எதுவும் அளக்க வந்திருக்கிகளா?"

"இல்ல அப்பத்தா. சும்மா பாக்க வந்தோம்."

"சும்மாவா? சும்மா யாரு வருவா இந்தக் காட்டுக்கு?"

மாணவிகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்த இரண்டு கேள்விகளும் வீடுவரை கூடவே வந்தன. கருவியோடு ஊருக்குள் வருகிறவர்கள் அளப்பதற்காக வருகிறவர்கள் என்பது ஒன்று. காரணம் இல்லாமல் ஒரு பெண் வெளியே வரமாட்டாள் என்பது மற்றொன்று. இரண்டும் அவருடைய அனுபவத்திலிருந்து எழுந்தவை. இரண்டுக்கும் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் அளப்பதைப் பார்ப்போம். 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை, இருபதாண்டுகளுக்குள் நம் பக்கம் வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858இல் மதுரையின் கோயிலையும் அரண்மனையையும் பெரிய பெரிய படங்களாக எடுத்தார். கல்லின் நுணுக்கம் துல்லியமாகத் தெரியும் அந்தப் படங்களில் மனிதர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிறகு மனிதர்கள் பக்கம் கேமரா திரும்பியபோது, அது வகைப்படுத்தும் கருவியாகத் திரும்பியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கில நூல் வரிசை, ஆட்களைச் சாதிகளாகவும் இனங்களாகவும் பிரித்துப் படங்களோடு அடுக்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அத்தகைய நூல்களில் இடம்பெற்ற பெண்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. படத்தின் கீழே சாதியின் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த மரபுக்கு ஒரு பெண் கொடுத்த பதிலையும் சொல்ல வேண்டும். பெங்களூருவைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை ஒரு படவரிசையை உருவாக்கினார். தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய பழைய படங்களின் கோலத்தைத் தானே பூண்டு, தன்னையே அவற்றுக்குள் நிறுத்திக்கொண்டார். பார்க்கப்பட்ட இடத்திலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தது அது.

அளக்கும் கேமராவுக்கு அடுத்து வந்தது ஸ்டுடியோ. என் அம்மாவின் இளமைக்காலப் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்தது. எதிரே யாரையும் பார்க்காத ஒரு பார்வை, ஒரு கை பூச்சாடி வைத்த ஸ்டூலின்மேல். பின்னணித் திரையில் படித்துறை, அன்னம் மிதக்கும் குளம், பூத்துக் குலுங்கும் கொடிகள். ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தால் கரிசல் மண்ணும் வெயிலும்தான். எங்கள் பகுதிப் பெண்கள் பலருக்கு வசந்தம் என்பது அந்தத் திரையில் தீட்டப்பட்டிருந்த ஒன்று. அதன் முன்னால் நிற்கவும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. கல்யாணம், பூப்பு நீராட்டு, வளைகாப்பு, பிள்ளையின் முதல் பிறந்தநாள். இப்படிப்பட்ட படங்கள் வீட்டுப் பரணிலேயே கரையான் அரித்துப் போய்விடுகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய் இவற்றைப் பிரதியெடுத்துச் சேமித்திருக்கிறார்கள். பெண்களின் வரலாற்றை எழுத விரும்புகிறவர்களுக்கு அது பெரிய களஞ்சியம்.

ஆண்கள் முன்னால் வர முடியாத பெண்களைப் படமெடுக்கப் பெண்களே தேவைப்பட்டார்கள். பெண்களுக்கு இந்தத் தொழிலில் வாசல் திறந்தது இந்தக் கட்டுப்பாட்டின் வழியாகத்தான். ஐதராபாத்தில் லாலா தீன்தயாள் 1890களில் அந்தப்புரப் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ திறந்தபோது அதை நடத்தியவர் ஓர் ஆங்கிலேயப் பெண். வங்காளத்தில் அன்னபூர்ணா தத்தா வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் படமெடுத்துச் சம்பாதித்தார். இவை யாவும் நான்கு சுவருக்குள் நடந்தவை.

சுவரைத் தாண்டியவர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் குஜராத்தின் நவசாரியில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படுபவர். நேருவையும் மவுண்ட்பேட்டனையும் அவர் எடுத்த படங்களைப் பாடநூல்களிலேயே பார்த்திருப்போம். ஆனால் மாணவியாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் உல்லாசப் பயணத்தைப் படமெடுப்பது. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தன, வேலைகள் தொடர்ந்தன. தொடக்க காலத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்ஷாவின் பெயரில் வெளியாகின. 2011இல் பத்ம விபூஷண் பெற்று, 2012இல் மறைந்தார். தலைவர்களின் படங்களுக்காகவே அவரைக் கொண்டாடுகிறோம். எனக்கோ அந்த முதல் வேலைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஊருக்குப் பக்கத்தில், கூட்டமாகப் போய், உண்டு சிரித்துத் திரும்பிய ஒரு நாள்தான் ஒரு பெண்ணுக்குத் தொழிலைத் தொடங்கி வைத்தது.

இனி அப்பத்தாவின் இரண்டாவது கேள்வி. சும்மா யார் வருவார்?

தமிழ் இலக்கியத்தில் பெண்கள் வெளியே போகாமல் இல்லை. பரிபாடலில் வையைப் புதுப்புனலாடப் பெண்கள் கூட்டமாகப் போகிறார்கள். எங்கள் மாவட்டத்தின் ஆண்டாள், மார்கழி விடியலில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டித் தோழிகளை நீராட அழைக்கிறாள். நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் தையிலும் மாசியிலும் காமனை நோன்பிருந்து வேண்டுகிறாள். காமன் வேனிலுக்கு உரியவன். ஆனால் இந்தப் போக்குவரத்துக்கெல்லாம் நோன்பு, நீராடல், விழா என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயரில்லாமல் போன பயணத்தின் கதை சிலப்பதிகாரத்தில் உண்டு. இந்திர விழா முடிந்தபின் மாதவி கோவலனோடு கடற்கரைக்குப் போகிறாள். யாழோடு பாடிக் களிக்கும் அந்த மாலை, பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்ட கோவலனின் பிரிவில் முடிகிறது. வேனில் வந்ததும் அவள் மாடத்திலிருந்து தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். அவனுக்கு ஊர் முழுதும் திரியக் கிடக்கிறது, அவள் வேனிற்காலம் முழுவதும் மாடத்தில். வேனிற்காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் முதலில் கேட்பது, அவளே ஏன் போகவில்லை என்பதைத்தான்.

எங்கள் கரிசல் காட்டுப் பெண்கள் மாடத்தில் இருந்தவர்கள் இல்லை. நாள் முழுதும் வெளியில்தான் இருந்தார்கள். தண்ணீருக்கு, விறகுக்கு, களையெடுக்க, பருத்தி எடுக்க, மிளகாய்ப்பழம் பறிக்க, கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்ட. வெளியில் இருப்பதும் வெளியை அனுபவிப்பதும் ஒன்றல்ல என்பதை அவர்களிடமிருந்து கற்கலாம். நிற்க நேரமில்லாதவர் வெளியில் இருந்தும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆண்டுக்கொரு முறை நின்று பார்க்கக் கிடைத்தது திருவிழா. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்குப் போவதும், கூடவே பொருட்காட்சியில் ராட்டினம் ஏறுவதும் என் சிறுவயதின் உச்சம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டதால்தான் ராட்டினம் வரை வர முடிந்தது என்று அம்மா சொல்வார்.

காரணம் சொல்லத் தேவையில்லாத போக்குவரத்து அண்மைக்காலத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியில் உழைத்த பெண்கள்கூடச் சைக்கிள் ஓட்டினார்கள். மே 2021இல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது. வேலைக்கும் படிப்புக்கும் அது எவ்வளவு உதவியது என்று நிறையப் பேசுகிறோம். சும்மா போய் வரவும் உதவியது என்று சொல்லக் கூச்சப்படுகிறோம். 'ஓசி' என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருப்பதால், காரணமுள்ளவளாக நம்மை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மும்பையை ஆய்வு செய்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய நூல், பெண்களுக்குப் பாதுகாப்பு மட்டும் போதாது, பொதுவெளியில் சும்மா நிற்கும் உரிமையும் வேண்டும் என்று வாதிட்டது. மும்பை தெருமுனைக்கு அவர்கள் கேட்டதைப் பரளச்சிக் கண்மாய்க் கரைக்கும் கேட்கலாம்.

அன்று என்ன பார்த்தோம்? இலக்கணப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். எங்கள் பக்கம் அது பங்குனியிலேயே தொடங்கிவிடும். அறுவடை முடிந்த கரிசல் நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. புங்க மரத்தில் எண்ணெய் தேய்த்தது போன்ற புதுத் தளிர். வேம்பு பூத்து, காற்றில் அதன் கசப்பு வாசம். கண்மாயில் தண்ணீர் நடுவே சுருங்கிக் கிடக்க, சுற்றிலும் கொக்குகள். ஒரு மாணவி அரைமணி நேரம் வெடித்த மண்ணையே படமெடுத்துக்கொண்டிருந்தாள். இந்த மண்ணில் அவள் அம்மா களையெடுத்திருக்கிறார், அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை என்றாள். பார்ப்பதற்கு அழகான இடம் என்றால் கொடைக்கானல் என்று நினைத்திருந்தோம் மேடம் என்றாள் இன்னொருத்தி.

திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவள் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மண்ணையும் மரத்தையும் வைத்துக்கொண்டு, தான் இருக்கும் படங்களை மட்டும் அழித்தாள். அண்ணன் செல்பேசியை வாங்கிப் பார்ப்பான். யார் எடுத்தது என்று கேட்பான். ஒரு பெண்ணின் முகத்தை வெட்டி ஒட்டி மிரட்டும் காலத்தில் அந்த வீட்டின் பயத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை அவள் கொடுக்கிறாள். அந்த மாலையில் அவள் இருந்தாள் என்பதற்கு அவளிடமே சான்று இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எந்தத் தெரு வழியாகக் கண்மாய்க்குப் போவது என்று நாங்கள் பஸ்ஸிலேயே பேசி முடிவு செய்திருந்தோம். நால்வரும் நான்கு தெருக்களிலிருந்து வருகிறவர்கள். எல்லோருக்கும் எல்லாத் தெருவும் நடக்கத் தகுந்ததில்லை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத பாடம். பெண்ணின் உலா என்று பொதுவாகப் பேசும்போது இது விடுபட்டுப் போகக் கூடாது.

அப்பத்தாவை நான் படமெடுக்கக் கேட்டேன். கேட்கும்போதே தர்ஸ்டன் நினைவுக்கு வந்து கை தயங்கியது. அவர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, ஆடு இல்லாமல் வேண்டாம் என்றார். வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். எடுத்ததைக் காட்டியதும், "அடுத்தவாட்டி வரும்போது காயிதத்துல போட்டுக் கொண்டாங்க, செவத்துல மாட்டணும்" என்றார். சித்திரையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பின்பக்கம் அவர் பெயர், ஊர், மாதம், ஆண்டு, எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதச் சொன்னார். குட்டியின் பெயரையும் சேர்த்தோம். அவர் கேட்டுக்கொண்டபடி அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை.

அம்மாவின் ஸ்டுடியோப் படத்தைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டுடியோவின் முத்திரை மட்டும் இருக்கும். அம்மா இருக்கும்போதே, அவரிடம் கேட்டு, இப்போது பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பெயர், எந்த ஆண்டு, யாரோடு போனார், அன்று உடுத்தியிருந்த சேலையின் நிறம். அரக்கு, பச்சைக் கரை. இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் படங்களை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, தோழிகளோடு, பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுங்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்டால் சும்மா என்று சொல்லிப் பழகுங்கள். என் மாணவிகள் வரும் ஆனியில் மறுபடி போகக் கேட்டிருக்கிறார்கள். படத்தை அழித்தவள்தான் முதலில் பெயர் கொடுத்தாள்.