சொல் பிறந்த கதை – 9: மூன்று விக்கெட்டுக்கு ஒரு தொப்பி

'ஹாட்ரிக்' என்றதும் பலருக்கு மந்திரவாதியின் தொப்பிதான் நினைவுக்கு வரும். கை விட்டால் முயல், மறுபடி விட்டால் புறா. சொல்லுக்குள் தொப்பி இருப்பது நிஜம்தான். ஆனால் அது மந்திரவாதியின் தொப்பி அல்ல. ஒரு பந்துவீச்சாளருக்கு, ஆட்டம் பார்த்தவர்கள் கையிலிருந்த சில்லறையைப் போட்டு வாங்கிக் கொடுத்த தொப்பி.

1858 செப்டம்பர். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஷெஃபீல்டு நகரம். அங்கே ஹைட் பார்க் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை இன்று பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஒரு பக்கம் 11 பேர், எதிர்ப்பக்கம் 22 பேர்!

அந்த 11 பேர், 'ஆல் இங்கிலாந்து லெவன்' என்ற தொழில்முறை அணி. நாட்டிங்ஹாமில் கொத்தனாராக இருந்த வில்லியம் கிளார்க் 1846-இல் தொடங்கியது. ரயில் பாதைகள் பரவிக்கொண்டிருந்த காலம். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்குச் சேர்த்து, ஊர் ஊராக அழைத்துப்போய் ஆட வைத்தார் கிளார்க். உள்ளூர்க்காரர்கள் சரிக்குச் சரி நின்றால் அரை நாளில் ஆட்டம் முடிந்துவிடும். டிக்கெட் வாங்கியவன் சும்மா விடுவானா? அதனால் உள்ளூர் அணிக்கு 22 பேர். ஷெஃபீல்டிலும் அப்படித்தான், ஹாலம், ஸ்டேவ்லி ஊர்களின் 22 பேர் எதிரே நின்றார்கள்.

அவர்களுக்குப் பந்து வீசியவர் சர்ரே அணியின் எச்.எச். ஸ்டீவன்சன். தோளுக்கு மேல் கையைத் தூக்கி வீசக் கூடாது என்று சட்டம் இருந்த நாள் அது. 1864-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை கையைத் தோளுக்கு மேல் போகாமல் சுழற்றித்தான் வீச வேண்டியிருந்தது. அப்படி வீசியே அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டைச் சாய்த்தார் ஸ்டீவன்சன். கூட்டத்தில் காசு வசூலானது. அந்தக் காசில் ஒரு தொப்பி வாங்கி அவருக்குப் பரிசளித்தார்கள். அது விளிம்பு வைத்த 'ஹாட்'டா, விளிம்பில்லாத 'கேப்'பா என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. தமிழில் இரண்டும் தொப்பிதான். நமக்கு அந்தப் பஞ்சாயத்து இல்லை.

ஏன் காசு வசூலித்தார்கள்? அன்றைய இங்கிலாந்து கிரிக்கெட்டில் இரண்டு சாதி. பொழுதுபோக்குக்கு ஆடும் செல்வந்தர்கள் 'ஜென்டில்மென்'. கூலிக்கு ஆடுபவர்கள் 'பிளேயர்ஸ்'. இந்தப் பாகுபாடு சட்டப்படி ஒழிந்ததே 1962-இல்தான். பிளேயர் நன்றாக ஆடினால் பார்வையாளர்கள் சில்லறை போடுவார்கள். நம்மூர்க் கூத்து மேடையில் ஆடுபவரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவதைப் போல. ஸ்டீவன்சன் ஜென்டில்மேன் அல்ல, பிளேயர். ஆக, ஹாட்ரிக் என்பது உழைத்துச் சாப்பிட்டவனுக்குக் கிடைத்த சன்மானத்தின் பெயர்.

தொப்பி வாங்கியவர் அதோடு நிற்கவில்லை. 1861-62-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய முதல் இங்கிலாந்து அணிக்கு அவர்தான் கேப்டன்.

மூன்று விக்கெட் எடுத்தவருக்குத் தொப்பி தருவது கிளப்புகளில் வழக்கமானது. 1865-இல் எசெக்ஸ் மாவட்டப் பத்திரிகையான 'செம்ஸ்ஃபோர்டு கிரானிக்கிள்' இந்தச் சொல்லை அச்சிலேற்றியது. 1879 ஜனவரியில், மெல்போர்னில், ஆஸ்திரேலியாவின் ஃபிரெட் ஸ்போஃபோர்த் டெஸ்ட் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார்.

ஒரே ஓவரில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 1988-இல் பெர்த் நகரில் ஆஸ்திரேலியாவின் மெர்வ் ஹியூஸ் ஓர் ஓவரின் கடைசிப் பந்தில் ஆம்ப்ரோஸை வீழ்த்தினார். தன் அடுத்த ஓவரின் முதல் பந்தில் பேட்டர்சன். வெஸ்ட் இண்டீஸ் ஆல் அவுட். அவர்கள் மறுபடி ஆட வந்தபோது ஹியூஸின் முதல் பந்திலேயே கிரீனிட்ஜ் காலி. மூன்று ஓவர், இரண்டு இன்னிங்ஸ், ஒரு ஹாட்ரிக்!

சொல் பிறகு மைதானம் தாண்டியது. கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தால் போதும், இடையில் வேறு யார் அடித்தாலும் பரவாயில்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் கதை தலைகீழ்: மூன்றாவது கோல் விழுந்ததும் ரசிகர்கள் தங்கள் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றிப் பனித்தரையில் வீசுகிறார்கள்.

நம் சேப்பாக்கத்துக்கும் இதில் பங்குண்டு. ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் 2008 மே மாதம் அங்கேதான் விழுந்தது. எடுத்தவர் நம் லட்சுமிபதி பாலாஜி. சினிமாவும் அரசியலும் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டன. அடுத்தடுத்து மூன்று படம் ஓடினாலும் ஹாட்ரிக், மூன்று தேர்தலில் ஜெயித்தாலும் ஹாட்ரிக். 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களை வரிசையாக வென்றவர் எம்.ஜி.ஆர். அவருக்கு மட்டும் யாரும் தொப்பி வாங்கித் தர வேண்டியிருக்கவில்லை!

இன்று ஹாட்ரிக் எடுப்பவருக்குப் பந்து கிடைக்கும், காசோலை கிடைக்கும். தொப்பி மட்டும் கிடைக்காது. அது சொல்லுக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

மெல்போர்னில் பார்த்தோமே ஸ்போஃபோர்த், அவர் 1882-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் 14 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதில் இங்கிலாந்து தோற்றதைத் தாங்காத ஒரு பத்திரிகை, இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது என்று இரங்கல் அறிவிப்பே வெளியிட்டது. அந்த 'சாம்பல்' கதை அடுத்த வாரம்.

(தொடரும்)