கிணற்றில் கிடைத்த சாடி

1908இல் பாரதியும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார்கள். பிரெஞ்சு மண்ணில் கைவைக்க முடியாத பிரிட்டிஷ் அரசு சி.ஐ.டி. ஆட்களை அங்கே குவித்தது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வாசலில் வேவு பார்த்தார்கள். தபாலைப் பிரித்துப் படித்தார்கள். ஆனாலும் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றதை எந்த ஒற்றராலும் தடுக்க முடியவில்லை. கோட்டைவிட்ட இலாகா தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. வேவுதான் இன்னும் இறுகியது. பிரெஞ்சு நிர்வாகமும், ஊர்ப் பெரியவர்கள் ஐவரின் கையெழுத்து இல்லாமல் அயலார் தங்கக்கூடாது என்றது. கண்டுபிடிக்க எதுவும் சிக்காதபோது, கண்டுபிடிப்பதற்கென்றே ஒன்றை உண்டாக்கும் வேலை தொடங்கியது.

ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது ஒரு சாடி மேலே வந்தது. உள்ளே காளி படமும் ராஜத்துரோகப் பிரசுரங்களும் இருந்தன. யாரோ வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போனது. அதை ஒளிக்காமல் பிரெஞ்சு போலீசுக்கே தெரிவித்ததுதான் ஐயரையும் நண்பர்களையும் காப்பாற்றியது. ஒற்றர் ஒருவரின் புகாரை நம்பி அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த மாஜிஸ்திரேட், அங்கே கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு மரியாதையோடு திரும்பினார். புகார் கொடுத்தவர் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிப்போனார்.

வாஞ்சி புதுச்சேரிக்கு வந்து ஐயரைச் சந்தித்தது உண்மைதானே, துப்பாக்கிப் பயிற்சி நடந்தது என்று 1918ஆம் ஆண்டு ரௌலட் குழு அறிக்கையே சொல்கிறதே, அப்படியானால் சந்தேகத்தில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தேகம் தவறில்லை, ஓர் அரசு தன் அதிகாரியின் உயிரைக் காக்க விசாரித்தே ஆகவேண்டும். ஆனால் அந்த நியாயம் ஐயர்மீதான விசாரணையோடு முடிகிறது. கவிஞனுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கவோ, கிணற்றில் சாடியைப் போடவோ அது இடம் தராது. மேலும், பொய்ச் சாட்சியம் ஒன்று அம்பலமானால் உண்மைச் சாட்சியத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். ஒற்றர் எழுதியதை எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாததுதான் இதற்கெல்லாம் வேர்.

1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதி கைதாகி, கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலைக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, இனி எழுதுவதைப் பிரசுரத்துக்கு முன் சி.ஐ.டி. அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்பது.