விம் உரைத்தொகுப்பியில் திரைக் குலைவு

முனையச் சாளரத்தில் விம் உரைத்தொகுப்பியைப் பயன்படுத்தும்போது வரிகள் இடம் மாறியோ, ஒன்றன்மேல் ஒன்று படிந்தோ, தொடர்பற்ற எழுத்துகள் கலந்தோ தோன்றுவதைத் திரைக் குலைவு எனலாம். இது பெரும்பாலும் காட்சியில் மட்டும் நேரும் பிழையாகும். நினைவகத்தில் உள்ள உரை மாறுவதில்லை. இதனை அறியாமல் சாளரத்தை மூடினால் சேமிக்காத உரையை இழக்க நேரிடலாம். குலைந்த காட்சியை நம்பித் திருத்தினால் உரையும் உண்மையாகவே பிழைபடும்.

காரணங்கள்

விம், 1991 ஆம் ஆண்டு பிராம் மூலெனார் என்பவரால் வெளியிடப்பட்டது. இது 1976 இல் பில் ஜாய் எழுதிய விஐ தொகுப்பியின் வழிவந்தது. அக்காலத்தில் முனையங்களுக்கும் கணினிக்கும் இடையிலான இணைப்பு மெதுவானது. ஆகவே ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் வரையாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறை பின்பற்றப்பட்டது. விம்மும் அவ்வாறே இயங்குகிறது. திரையின் எவ்விடத்தில் எவ்வெழுத்து உள்ளது என்பதற்கு அது தன்னிடம் ஒரு படி வைத்துள்ளது. அப்படியும் உண்மைத் திரையும் வேறுபடும்போது குலைவு ஏற்படுகிறது. இதற்குப் பொதுவான காரணங்கள்:

* பின்னணியில் இயங்கும் வேறொரு நிரல் அதே முனையத்தில் செய்தி எழுதுதல்.
* 'டெர்ம்' என்னும் சூழல் மாறியில் முனையத்தின் வகை தவறாகக் குறிக்கப்பட்டிருத்தல்.
* சாளரத்தின் அளவு மாறிய செய்தி விம்மை எட்டாமை. சீரியல் வடம் வழியான இணைப்புகளில் இது நேர்கிறது.
* எழுத்துகளின் அகலத்தை விம்மும் முனையமும் வெவ்வேறாகக் கணக்கிடுதல். தமிழ் போல உயிர்க்குறிகள் மெய்யுடன் இணையும் எழுத்துமுறைகளில் சுட்டி இடம் பிறழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரிசெய்யும் முறை

# முதலில் எஸ்கேப் விசையையும், பின்னர் கன்ட்ரோல், எல் விசைகளை ஒருசேரவும் அழுத்த வேண்டும். விம் திரையை அழித்து முழுவதும் மீண்டும் வரையும். பெரும்பாலான குலைவுகள் இதிலேயே நீங்கும்.
# குலைவு திரும்பத் திரும்ப வந்தால் 'டெர்ம்' மாறியின் மதிப்பைச் சோதிக்க வேண்டும். டிமக்ஸ் நிரலுக்குள் அம்மதிப்பு 'டிமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்' எனத் தொடங்க வேண்டும்.
# திரை உறைந்து விசைகளுக்கு மறுமொழி இல்லையெனில், கன்ட்ரோல், எஸ் விசைகள் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். பல முனையங்களில் இது வெளியீட்டை நிறுத்தும் ஆணையாகும். கன்ட்ரோல், கியூ விசைகளை அழுத்தினால் திரை மீளும்.
# விம்மை விட்டு வெளியேறிய பின்னும் முனையம் குலைந்திருந்தால் 'ரீசெட்' கட்டளையை இட வேண்டும்.

உரையை மீட்டல்

விம், இயல்பான அமைப்பில், 200 எழுத்துகள் தட்டப்பட்ட பின்னரோ, 4 விநாடிகள் எதுவும் தட்டப்படாதபோதோ, மாற்றங்களை 'ஸ்வாப்' எனப்படும் இடைக்காலக் கோப்பில் எழுதுகிறது. சாளரம் மூடப்பட்டிருந்தால், அதே கோப்பை மீண்டும் திறக்கும்போது உரையை மீட்கும் வாய்ப்பு அளிக்கப்படும். மீட்ட உரையை வேறு பெயரில் சேமித்து, பழைய கோப்புடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இடைக்காலக் கோப்பை நீக்குவது பாதுகாப்பானது.